ஏ.ஜி. சொன்னால் போதும்

தன் கணவர் இறந்துவிட்டார் என்பதை ஆக்னஸ் மச்சாது உயர் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அந்த யோசனையைக் கொடுத்ததே கணவர்தான்.

"ரெண்டாவது பட்டியல், பத்தாவது வரி. எடுத்துப் பாரு ஏட்டி," என்றார் ரேமண்ட் கொரைரா.

ஆக்னஸ் நெத்திலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்க்கவில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதில் யார் சட்டம் போடலாம் என்று பிரித்து வைத்த அட்டவணை அது. முதல் பட்டியல் மத்திய அரசுக்கு. இரண்டாவது மாநிலத்துக்கு. அதில் பத்தாவது வரி, இடுகாடும் சுடுகாடும்.

கைகள் நின்றன.

"உங்களை இடுகாட்டுக் கணக்குல சேக்கச் சொல்லுதீங்களா?"

"மூணு வருஷமா அங்கதான இருக்கேன். பட்டா மட்டும்தான் வாங்கலை."

குரல் வந்தது சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த உள்ளங்கை அளவுப் பெட்டியிலிருந்து. ரேமண்டின் உடம்பு கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் இருந்தது. மற்றதெல்லாம் கடலுக்கடியில் இருந்தது.

மறுகுரல் என்று அதற்குப் பெயர். மூளை அணைவதற்குள் அதன் கடைசி நிலையை அப்படியே படியெடுத்து, கடலடியில் குளிர்ந்த கூடத்தில் இயங்க விடுவார்கள். பேசும். சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுபோல் குரலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தென்கடல் மாநிலத்தில் நாற்பதாயிரம் பேர் அப்படிக் கடலடியில் இருந்தார்கள். உயிரா, உடைமையா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

ரேமண்ட் அந்த மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாக, சுருக்கமாக ஏ.ஜி.யாக, இருந்தவர். அரசாங்கத்தின் முதல் வக்கீல். கடல் ஏறி வந்ததால், கரையோர மாவட்டங்களைப் பிரித்துத் தனி மாநிலமாக்கி, புதுக்கொற்கையைத் தலைநகராக்கிய பிறகு அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது ஆள். மணல் குவாரி வழக்கு ஒன்றில் வாதாடிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் சரிந்தார். அதற்குப் பிறகும் பல மாதங்கள் செயலாளர்கள் கோப்புகளை அவரிடம்தான் வாசித்துக் காட்டினார்கள். ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவி என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, உயிர் உள்ளவரை என்று இல்லையே என்று அவர்களுக்குள் ஒரு கேலி. ஆனால் கோர்ட்டில் எழுந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். ஆக்னஸை நியமித்தார்கள். வீட்டுக்காரர் பதவியை வீட்டுக்காரிக்கே கொடுத்துவிட்டார்கள் என்று வக்கீல்கள் கேன்டீனில் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழாமல் இல்லை.

ரேமண்ட் அந்த யோசனை சொன்ன அன்று காலையில்தான் சட்ட அமைச்சர் பலவேசம் அவளுடைய அறைக்கு வந்திருந்தார். வழக்கமாக ஏ.ஜி.தான் அமைச்சரைப் போய்ப் பார்ப்பார். அமைச்சர் தனியாக, கோப்பு எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்ததே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மத்திய மறுகுரல் ஆணையம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. நாட்டிலுள்ள எல்லா மறுகுரல்களையும் அது எடுத்துக்கொள்ளப் போகிறது. தின்கிற மின்சாரத்துக்கு அவர்களே உழைக்கட்டும் என்பது அதன் கொள்கை. தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், லீவு வேண்டாம். பக்கத்து யூனியன் பிரதேசத்தில் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. பலவேசத்தின் தங்கை முத்துப்பேச்சி அங்கேதான் வாழ்க்கைப்பட்டு, அங்கேதான் இறந்துபோனவள்.

"கார்டு தொலைஞ்சு போச்சுன்னு மாப்ள பேங்குக்கு அடிச்சிருக்காரு," என்றார் பலவேசம். "எடுத்தது என் தங்கச்சி. குரல் தெரிஞ்சிட்டு ரெண்டு பேருக்கும். பொறவு, கார்டோட கடைசி நாலு நம்பரைச் சொல்லுங்க சார்னு கேட்டிருக்கா."

சொந்தப் பேச்சு பேசினால் அணைத்துவிடுவார்களாம். அவர் அழவில்லை. இதை நம் மாநிலத்தில் தடுக்க நமக்கு அதிகாரம் உண்டா என்று மட்டும் கேட்டார்.

ஏ.ஜி.யின் வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். ஆக்னஸ் புத்தகங்களைப் புரட்டினாள். தகவல் தொடர்பு மத்தியப் பட்டியல். குடியுரிமை மத்தியப் பட்டியல். எந்தக் கதவைத் தட்டினாலும் தில்லிதான் திறந்தது. இல்லை சார், நமக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து நெத்திலித் தலையைக் கிள்ளும்போதுதான் ரேமண்ட் பத்தாவது வரியைச் சொன்னார்.

எல்லாம் உடனே விளங்கிவிட்டது. இவர்கள் இறந்தவர்கள். கூடம் ஒரு கல்லறைத் தோட்டம். கல்லறைத் தோட்டத்துக்கு மாநிலம் சட்டம் போடலாம். கல்லறைக்குள் இருப்பவரை யாரும் எழுப்பி வேலைக்கு அனுப்ப முடியாது. குடும்பத்தார் வந்து பேசிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். தோற்றால் நாற்பதாயிரம் பேரும் வேலைக்குப் போவார்கள். ரேமண்டும் போவார். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று யாருக்கோ, விடிய விடியச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"நீங்க செத்துட்டீங்கன்னு நான் நின்னு வாதாடணும். அதை எழுதிக் குடுக்கதே நீங்க. எனக்கு இது நல்லாப் படலை."

ரேமண்ட் சிரித்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்திலிருந்தே அந்த நாற்காலிக்கு அந்தக் கேடு உண்டு என்றார். "கம்பெனி சம்பளம் குடுக்கும். இங்கிலாந்து ராஜாவோட கோர்ட்டு காதைத் திருகும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கதுதான் ஏ.ஜி.க்கு வேலை. கம்பெனி போச்சு, ராஜா போனாரு, நாற்காலி மட்டும் அப்படியே கெடக்கு. கவர்மென்ட்டுக்காகப் பேசு, ஆனா கோர்ட்டுக்குப் பொய் சொல்லாத. நான் செத்தது பொய்யா, சொல்லு? சர்டிபிகேட் வச்சிருக்கியே."

"வச்சிருக்கேன்."

"பின்ன என்ன. மீனைப் பாரு, பூனை வந்துரும்."

*

சட்டசபைக்குள் ஏ.ஜி. வரலாம், பேசலாம். ஓட்டு கிடையாது. பழைய மாநிலத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்திய ஏ.ஜி.க்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தென்கடலின் முதல் ஏ.ஜி. ஒரே ஒரு முறை வந்தார். மீன்பிடித் தடை மசோதா செல்லாது என்று தன்னை நியமித்த அரசாங்கத்தின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே வசவு வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

ஆக்னஸ் மறுகுரல் கல்லறை மசோதாவுக்காக வந்தாள். ஏன் நமக்கு அதிகாரம் உண்டு என்பதை எளிமையாக விளக்கினாள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

"உங்க வீட்டுக்காரரும் செத்தவங்க கணக்குலதான் வாராரா மேடம்?"

"ஆமா," என்றாள் ஆக்னஸ்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த மண்டபத்தில் ஓட்டு இல்லாதவள் அவள் ஒருத்திதான். ஆனால் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் கை தூக்கினார்கள்.

சட்டம் நிறைவேறியது. ஆணையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கு எண் விழுந்த அன்றே ஆக்னஸ் வீட்டில் ஒரு விதி போட்டாள். இனி அலமாரிப் பெட்டியோடு கேஸ் பேச்சு கிடையாது. செத்தவர் என்று ஒருவரைப் பற்றிக் கோர்ட்டில் சொல்லிக்கொண்டே, வீட்டில் அவரிடம் யோசனை கேட்பது ஒழுங்கில்லை. ரேமண்ட் மறுக்கவில்லை. அதன் பிறகு பேச்செல்லாம் மீன் விலை, எதிர்வீட்டு நாய், அமெரிக்காவிலிருந்து வரப்போகும் அவள் தங்கை மகள் என்று போனது. அவள் ஒரு பொருளை எங்கே வைத்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வைப்பாள். தேடும்போது அவர் எடுத்துக் கொடுப்பார், வார்த்தையில்.

*

ஆணையத்துக்காக தில்லியிலிருந்து வந்தவர் ஸ்ரீவத்சன். மெல்லிய ஆள், மெல்லிய குரல். மாம்பலத்தில் பிறந்து தில்லியில் வளர்ந்த தமிழ். கேட்கிறவருக்குக் கோபமே வராத மாதிரிப் பேசி முடிப்பார். எழுந்து பார்த்தால் காலடியில் தரை இருக்காது.

தலைமை நீதிபதி முகைதீன் பெரிய அமர்வுக்குத் தலைமை தாங்கினார். வக்கீலாக இருந்த காலத்தில் ரேமண்டுக்கு எதிராக நூறு வழக்காவது நடத்தியவர். தோற்ற வழக்குகளைப் பற்றித்தான் இன்னமும் ஆசையாகப் பேசுவார்.

ஆக்னஸின் வாதம் சுருக்கமானது. இறப்பு நடந்தது. சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எஞ்சியது எதுவாக இருந்தாலும் அது எச்சம். எலும்பு ஒரு எச்சம், சாம்பல் ஒரு எச்சம், இது ஒரு எச்சம்.

தலைமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சாம்பல் பேசினா என்ன செய்யறது, மிசஸ் மச்சாது?"

"பேசினாலும் அது சாம்பல்தான், மை லார்ட்."

சொல்லிவிட்டாள்.

ஸ்ரீவத்சன் அவசரப்படாமல் எழுந்தார். சாட்சியச் சட்டத்தை வாசித்தார். கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமான பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சி. செத்தவர் சாட்சி சொல்ல முடியாது. ஆகவே சாட்சி சொல்ல முடிந்தவர் செத்தவர் இல்லை. ஒரே ஒரு மறுகுரலுக்கு இந்த மன்றம் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கட்டும். பிரமாணத்தின் பொருள் புரிந்து அது எடுத்துக்கொண்டால், அது ஆள். ஆள் என்றால் இடுகாடு இல்லை. மாநிலத்தின் சட்டம் அங்கேயே முடிந்தது.

"யாருக்குச் செய்து வைக்கச் சொல்றீங்க?" என்றார் தலைமை நீதிபதி.

"இந்த மன்றமே இன்னும் செத்ததாக நினைக்காத ஒருத்தருக்கு, மை லார்ட்."

அவர் எங்கே வருகிறார் என்பது எல்லா வக்கீல்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது.

வக்கீல் ஒருவர் இறந்தால் உயர் நீதிமன்றத்தில் எல்லா நீதிபதிகளும் ஒன்றாக அமர்வார்கள். ஏ.ஜி. எழுந்து இரங்கல் உரை வாசிப்பார். அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். அது முடிந்த பிறகுதான் படம் சுவரில் ஏறும். ரேமண்டுக்கு அது நடக்கவே இல்லை. முதல் சில மாதங்கள் அவர் அரசுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததால், இரங்கல் வாசிப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்கள். பிறகு ஆக்னஸ் ஏ.ஜி. ஆனாள். வாசிக்க வேண்டியவள் அவள்தான். பதிவாளர் கேட்டபோது அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

"முன்னாள் அட்வகேட் ஜெனரல்," என்றார் ஸ்ரீவத்சன், இன்னும் மெல்ல. "அவருக்காக இந்த மன்றம் இன்னும் அழவில்லை. அவருடைய மனைவியே எழுந்து அதை வாசிக்கவில்லை. நான் மிசஸ் மச்சாதுவைக் குறை சொல்லவில்லை. அவர் நம்பியதைத்தான் நானும் சொல்கிறேன்."

தலைமை நீதிபதி ஆக்னஸைப் பார்த்தார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எந்தச் சட்டத்தை வைத்து ஆட்சேபிப்பது என்று அவள் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லை என்றாள். மறுநாள் காலை கூடத்திலிருந்து கோர்ட்டுக்கு நேரடி இணைப்பு கொடுக்க உத்தரவானது.

*

அன்று மாலை அவளால் அவரிடம் எதையும் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சாட்சிக் கூண்டுக்கு வரப்போகிறவரிடம் வழக்கு பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அது சாட்சியைக் கலைப்பது. தொழிலில் அதைவிடக் கேவலம் இல்லை. நீங்கள் பிரமாணம் எடுத்தால் நாம் தோற்போம் என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு கீரை ஆய்ந்தாள்.

அவருக்கு விஷயம் தெரியுமா? ஊர் முழுக்கப் பேச்சு. கூடத்தில் மற்றக் குடும்பங்கள் வந்து பேசுகின்றன. மறுகுரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றும் சொல்வார்கள், இல்லை என்றும் சொல்வார்கள். அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தங்கை மகளுக்கு வாங்கி வைத்த கருப்பட்டி மிட்டாயை எறும்பு மொய்த்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் புறப்படும்போது வக்கீல் கழுத்துப் பட்டையைக் காணோம்.

"இஸ்திரிப் பெட்டிக்கு அடியில வச்சேன்னு சொன்ன," என்றார் ரேமண்ட். "ஈரத்தோட மடிச்சு வைக்காதன்னா கேக்கியா."

அங்கேதான் இருந்தது. வாரேங்க என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

*

சாட்சிக் கூண்டில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் ஒலிபெருக்கியை வைத்திருந்தார்கள். கூடத்தின் பொறுப்பாளரான பொறியாளர் அன்னத்தாய், இணைப்பு சரியாக இருக்கிறது, இங்கே பேசுவது எல்லாம் அங்கே கேட்கும் என்று தலைமை நீதிபதியிடம் உறுதி சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

கோர்ட் எழுத்தர் பிரமாண வாசகத்தைப் படித்தார். நான் சொல்வதெல்லாம் உண்மை. அந்த வாசகத்தை அந்த அறையில் ரேமண்ட் கேட்ட அளவுக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் குறுக்கு விசாரணையில் அதை நினைவுபடுத்தியே பாதிச் சாட்சிகளை உடைத்தவர்.

எழுத்தர் நிறுத்தினார். பதில் வர வேண்டிய இடம்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி படிக்கச் சொன்னார் தலைமை நீதிபதி. எழுத்தர் மறுபடி படித்தார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ ஒரு வக்கீல் கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

தலைமை நீதிபதி மேஜையில் முன்னால் சாய்ந்தார். குரல் மாறிவிட்டது. அது நீதிபதியின் குரலாக இல்லை.

"ரேமண்ட், நான் முகைதீன் பேசுதேன். கேக்கா?"

ஸ்டூலின் மேல் இருந்த பெட்டி பெட்டியாகவே இருந்தது.

வாழ்நாள் முழுக்க ஒரு கேள்விக்கும் வாய் மூடி நிற்காத மனிதர். கிண்டலாவது பதிலாக வந்துவிடும். ஆக்னஸ் தன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவர் பேசிவிட வேண்டும் என்றும் இருந்தது, பேசிவிடக் கூடாது என்றும் இருந்தது.

ஸ்ரீவத்சன் எழுந்தார். முதல் முறையாக அவர் குரலில் ஒரு சூடு. "வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார், மை லார்ட். பேசாமல் இருப்பதும் புத்தி உள்ளவர் செய்கிற காரியம்தான். கூடத்தில் பதிவு இருக்கும். இந்த நேரத்தில் அவர் யோசித்தாரா இல்லையா என்று அது சொல்லும். அதை வரவழையுங்கள்."

தலைமை நீதிபதி சட்டத்தைப் புரட்டினார். இறுதித் தீர்ப்பு வரும்வரை மாநிலச் சட்டம் நடப்பில் இருக்கிறது, அதன்படி பதிவைத் திறக்கக் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும், குடும்பத்தார் என்றால் இங்கே மாநிலத்தின் வழக்கறிஞரே, அவரை அப்படிக் கட்டாயப்படுத்த மன்றம் விரும்பவில்லை என்றார். பிறகு அவளை நேராகப் பார்த்தார்.

மற்றவர்கள் என்றால் தாங்கள் சொல்வதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஏ.ஜி. மட்டும் விலக்கு. ஏ.ஜி. தன் இடத்தில் எழுந்து நின்று ஒன்றைச் சொன்னால், சத்தியம் வாங்காமல் கோர்ட் அதை எழுதிக்கொள்ளும். அந்த நாற்காலி தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

"அட்வகேட் ஜெனரல். அவர் கேட்டார், புரிந்துகொண்டார், புரிந்தே பேசாமல் இருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

ஆக்னஸ் எழுந்தாள். நினைப்பது வேறு, தெரிவது வேறு. அவளுக்கு என்ன தெரியும்? காலையில் பட்டையை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இந்த அறையில் என்ன நடந்ததோ அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"தெரியாது, மை லார்ட்."

"பின்னால் தெரிய வந்தால்?"

அவள் தயங்கவில்லை. அதற்கு வேறு பதில் இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

"என்றைக்குத் தெரிகிறதோ அன்றைக்கே இந்த மன்றத்தில் வந்து சொல்வேன். வழக்கை மறுபடி திறக்கச் சொல்லி நானே கேட்பேன்."

"பதிவு செய்துகொள்ளுங்கள்," என்றார் தலைமை நீதிபதி எழுத்தரிடம். ஸ்ரீவத்சன் மறுபடி எழ முயன்றபோது கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஏ.ஜி. சொன்னால் போதும்."

அன்னத்தாய் வந்து இணைப்பைத் துண்டித்தார். அதுவரை அது திறந்தே இருந்தது.

*

தீர்ப்பு மாநிலத்தின் பக்கம் வந்தது. அளவுகோலைத் தேர்ந்தெடுத்தது ஆணையம், ஆளைத் தேர்ந்தெடுத்ததும் ஆணையம், இந்தப் பிரமாணத்தை வாழ்க்கை முழுக்கக் கேட்ட ஒருவரால் அதற்கு ஒரு சொல் பதில் தர முடியவில்லை என்று தலைமை நீதிபதி எழுதினார். கூடம் கல்லறைத் தோட்டம். நாற்பதாயிரம் பேரில் யாரையும் யாரும் வேலைக்கு எழுப்ப முடியாது. கடற்கரையில் வெடி போட்டார்கள். குடும்பங்கள் பேச்சுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, இறந்தவர்களுக்கு வெடிச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தார்கள்.

பலவேசம் மறுபடி அவள் அறைக்கு வந்தார். நன்றி சொன்னார். போகும்போது கதவருகே நின்றார்.

"தங்கச்சி இருக்க பிரதேசத்துலயும் ஏ.ஜி. இருப்பாங்களா மேடம்?"

"ஏ.ஜி. மாநிலத்துக்கு மட்டும்தான் சார். யூனியன் பிரதேசத்துக்குக் கிடையாது."

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் போனார்.

ரேமண்ட் பேசவில்லை. கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்று மாலை, ஏங்க, வந்துட்டேன் என்றாள். பெட்டி பேசவில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாள், யாரும் பார்க்காத இடத்தில் எதற்குப் பயம் என்று கேட்டாள். கெஞ்சியும் பார்த்தாள். எதிர்வீட்டில் மறுகுரலாக இருந்த மாமியார் வழக்கம்போல் மருமகளை ஏசும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் பேசினார்கள். அவர் மட்டும்தான் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு பதிவாளர் தயங்கித் தயங்கி வந்தார். இனி ரெஃபரன்ஸ் வைக்காமல் இருக்க முடியாது. எல்லா நீதிபதிகளும் அமர்ந்தார்கள். ஆக்னஸ் எழுந்து வாசித்தாள். பிறந்த ஊர், படித்த கல்லூரி, நடத்திய வழக்குகள். ஓர் இடத்திலும் குரல் இடறவில்லை. முடிந்ததும் உரையின் பிரதியைக் குடும்பத்தாரிடம் கொடுப்பது முறை. பதிவாளர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள்தான் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. "ஒருமுறை கொடுத்த சொல்லை மாற்றாதவர்" என்ற சம்பிரதாய வரி. கோர்ட்டில் அவர் பிரமாணத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு காலைக்காக மட்டும் இருந்திருக்கலாம். சாயங்காலம் வீட்டில் சிரித்துக்கொண்டே பேசிவிடலாம் என்று இருந்திருக்கலாம். ஆனால் இணைப்பு திறந்திருந்தது. தெரிந்தால் வந்து சொல்வேன் என்று அவள் சொன்னதையும் அவர் கேட்டிருப்பார். அவளைத் தெரியும் அவருக்கு. சொன்னால் செய்வாள் என்று தெரியும். இனி அவளிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் அவள் மறுநாள் காலை கோர்ட்டில் போய் நிற்பாள், நாற்பதாயிரம் பேரும் வேலைக்குப் போவார்கள்.

அல்லது, அன்று காலை பட்டையை எடுத்துக் கொடுத்ததற்கும் கோர்ட் கூடியதற்கும் நடுவில் அவர் உண்மையிலேயே நின்றுபோயிருக்கலாம். மறுகுரல்கள் சில அப்படிச் சொல்லாமல் நின்றுவிடுவதும் உண்டு.

எது என்று தெரியாமல் ஆக்னஸ் கூடத்துக்குப் போனாள்.

லிஃப்ட் கடலுக்குள் இறங்கியது. குளிர். நீண்ட வரிசைகளில் கறுப்பு அடுக்குகள். அன்னத்தாய் சால்வை கொண்டுவந்து போர்த்திவிட்டார். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு சின்ன விளக்கு உண்டு, இயங்குகிறதா இல்லையா என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நடந்துகொண்டே விளக்கினார். சாரோட தட்டு இந்த வரிசைதான், அந்தத் தூணைத் தாண்டி.

"பாக்கீங்களாம்மா? ஒரு நிமிஷம் போதும்."

ஆக்னஸ் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா நான் கோர்ட்ல போய்ச் சொல்லணும். சொல்லாம இருக்க என்னால ஆகாது."

அன்னத்தாய் வாயைத் திறந்தார். தினமும் அந்த வரிசையில் நடக்கிறவர். அவருக்குத் தெரியும்.

"நீங்களும் சொல்லக் கூடாதும்மா," என்றாள் ஆக்னஸ். "மொகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க."

அன்னத்தாய் திரும்பிக்கொண்டார். பிறகு மெல்ல நடந்து லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

ஆக்னஸ் ஒரு நாற்காலியை இழுத்து, தூணுக்கு முதுகைக் கொடுத்து, வரிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சீலா மீன் விலை ஏறிப்போனதைச் சொன்னாள். தங்கை மகள் வந்து இறங்கியதை, கருப்பட்டி மிட்டாயைப் பார்த்து அந்தப் பிள்ளை முகம் சுளித்ததை, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். ஒரு கதை முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கினாள். நடுவில் ஒரு பதில் நுழையும் அளவுக்கு எங்கேயும் இடைவெளி விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.